சிங்கப்பூர் கடல் விளக்குகளைப் படிப்பது எப்படி? கொங்கு நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஈரோடு, திருப்பூர், கோபி, தாராபுரம் பக்கமிருந்து சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கும், லாஞ்ச் படகு வேலைக்கும் போகிறவர்கள் உண்டு. கப்பல் ரேட்டிங் (அதிகாரி அல்லாத கப்பல் பணியாளர்) பயிற்சியில் சேருகிறவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ராத்திரிக் கடலைப் பார்ப்பதே அங்கே போய்த்தான். கரையோர ஊர்ப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிடுகிற ஒரு விஷயத்தை நம்மாட்கள் வேலையில் சேர்ந்த பிறகு அவசர அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே, மொட்டை மாடியில் உட்கார்ந்து இதில் முக்கால்வாசியைக் கற்றுவிடலாம். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம்மூரில் ராத்திரி பஸ்ஸில் வரும்போது தூரத்தில் மலைமேல் விளக்கு தெரிந்தால் சென்னிமலை, சிவன்மலை என்று சொல்லிவிடுகிறோம். மலை எங்கே இருக்கிறது, நாம் எந்த ரோட்டில் வருகிறோம் என்பது முன்பே தெரியும் என்பதால் அது சுலபம். கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதே கேள்வி. அதனால் விளக்கு இருக்கும் இடத்தை வைத்து அதன் பெயரைச் சொல்ல முடியாது. எத்தனை முறை மின்னுகிறது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது, என்ன நிறம் என்று எண்ணித்தான் சொல்ல வேண்டும். கண்ணை நம்பாமல் எண்ணிக்கையை நம்பப் பழகுவதே முதல் வேலை.

என்னென்ன விளக்குகள் இருக்கின்றன

சிங்கப்பூரின் கலங்கரை விளக்கங்களை அந்நாட்டுக் கடல்துறை, துறைமுக ஆணையம் பராமரிக்கிறது. மொத்தம் ஐந்து.

பழையது ஹார்ஸ்பர்க், 1851. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் பெட்ரா பிராங்கா என்ற பாறைமேல் நிற்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிழக்கே சுமார் 24 கடல்மைல். பாறையின் நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர்தான். புலாவ் உபின் தீவிலிருந்து கருங்கல் கொண்டுவந்து கட்டினார்கள். வடிவமைத்தவர் ஜான் டர்ன்புல் தாம்சன். இந்தப் பாறை யாருக்குச் சொந்தம் என்று சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடந்த வழக்கில், 2008 மே 23 அன்று சர்வதேச நீதிமன்றம் சிங்கப்பூருக்கே என்று தீர்ப்புச் சொன்னது.

தெற்கே புலாவ் சாத்துமு தீவில் ராஃபிள்ஸ், 1855. மேற்கில் சுல்தான் ஷோல், 1890-களில் கட்டியது. நான்காவது புலாவ் பிசாங். இது கொஞ்சம் வினோதம்: தீவு மலேசியாவின் ஜொகூருக்குச் சொந்தம், விளக்கை நடத்துவது சிங்கப்பூர். வரைபடத்தில் எல்லைக்கோட்டைப் பார்த்துவிட்டு "இது மலேசியா நடத்தும் விளக்கு" என்று முடிவுகட்டாதீர்கள்.

ஐந்தாவது பெடோக். மரின் பரேடில் 25 மாடி வீட்டுவசதிக் கட்டடத்தின் உச்சியில் 1978-ல் வைத்தது. அதற்கு முன் ஊரின் விளக்கு ஃபுல்லர்டன் கட்டடத்தின் மேல் இருந்தது. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழுந்து அதை மறைத்துவிட்டதால் கிழக்கே மாற்றினார்கள். கீழே துணி காயப்போட்டுக் குடியிருக்கிறார்கள், மேலே கலங்கரை விளக்கம். மேலே போய்ப் பார்க்க அனுமதி கிடையாது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து பார்க்கலாம்.

இந்த ஐந்தைத் தவிர மிதவைகளும், பாறைகளில் நட்ட கம்பங்களும் ஏராளம். வேலையில் நீங்கள் தினமும் பார்க்கப்போவது அவற்றைத்தான்.

முதல் படி: பட்டியலைக் கையில் எடுங்கள்

ஒவ்வொரு விளக்கின் குணமும் விளக்குப் பட்டியல் என்ற புத்தகத்தில் இருக்கும். பிரிட்டிஷ் அட்மிரால்டி பட்டியலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பழகுவதற்கு அமெரிக்க அரசு வெளியிடும் விளக்குப் பட்டியல் போதும், இணையத்தில் இலவசம். மேற்குப் பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் அடங்கிய 112-ம் எண் தொகுதியை இறக்கிக்கொள்ளுங்கள். வரைபடம் பார்த்துப் பழக ஓப்பன் சிபிஎன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இவையெல்லாம் பழகத்தான். வேலையில் ஏறியதும் கப்பலில் இருக்கிற, திருத்தம் போட்ட அதிகாரபூர்வ வரைபடமும் பட்டியலும் மட்டுமே செல்லும். விளக்கின் குணத்தை மாற்றினால் கடலோடிகளுக்கான அறிவிப்பில் வரும். அந்தத் திருத்தம் ஏறாத பிரதி பழைய பஸ் டைம்டேபிள்தான்.

வரைபடத்தில் விளக்கின் பக்கத்தில் ஒரே வரியில் சுருக்கெழுத்து இருக்கும். உதாரணத்துக்கு: "எஃப்எல் (3) 15எஸ் 36எம் 18எம்". மூன்று முறை மின்னும், அந்தச் சுற்று 15 விநாடிக்கு ஒருமுறை திரும்பும், கடலுக்கு மேல் 36 மீட்டர் உயரம், எட்டும் தூரம் 18 கடல்மைல் என்று பொருள். இரண்டு இடத்திலும் எம்தான், ஆனால் சின்ன எம் மீட்டர், பெரிய எம் கடல்மைல். புதியவர்கள் முதலில் தடுக்குவது இங்கேதான். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். நிறத்தைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் வெள்ளை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

36 மீட்டர் என்பது கோபுரத்தின் உயரமல்ல. கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும் நாள்களின் சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து விளக்கு இருக்கும் உயரம். குன்றின்மேல் குட்டைக் கோபுரம் நின்றாலும் இந்த எண் பெரிதாக இருக்கும்.

இரண்டாம் படி: நடையை அறிந்துகொள்ளுங்கள்

இருட்டைவிட வெளிச்சம் குறைவாக இருந்தால் அது ஃபிளாஷிங். வெளிச்சம் அதிகமாக இருந்து நடுநடுவே அணைந்தால் ஆக்கல்டிங். இரண்டும் சமமென்றால் ஐசோஃபேஸ். அணையாமல் எரிந்தால் ஃபிக்ஸ்டு. ஒரு மின்னல் 2 விநாடிக்குக் குறையாமல் நீடித்தால் லாங் ஃபிளாஷ். நிமிடத்துக்கு 50, 60 என்று மின்னினால் குயிக். 100, 120 என்றால் வெரி குயிக்.

சுற்றுக் காலத்தை அளப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு மின்னல் அணைந்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, அடுத்தது எரிந்ததும் நிறுத்துகிறார்கள். அது வெறும் இருட்டு நேரம். ஒரு சுற்றின் முதல் மின்னல் தொடங்கும் கணத்தில் அழுத்தி, அடுத்த சுற்றின் முதல் மின்னல் தொடங்கும்போது நிறுத்த வேண்டும். மூன்று முறை மின்னும் விளக்கு என்றால் நீண்ட இருட்டுக்குப் பிறகு வருவதுதான் முதல் மின்னல். ஒரு சுற்றை மட்டும் அளக்காதீர்கள். மூன்று சுற்றைச் சேர்த்து அளந்து மூன்றால் வகுங்கள். விரல் தாமதத்தால் வரும் பிழை மூன்றில் ஒன்றாகிவிடும்.

வாயால் எண்ணுகிறவர்கள் முதலில் தங்கள் எண்ணிக்கையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பார்க்காமல் 30 வரை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 30 எண்ணி முடிக்கும்போது வாட்சில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பதற்றத்தில் இன்னும் வேகமாக எண்ணுவோம்.

மாடிப் பயிற்சிக்கு இரண்டு பேர், ஒரு எல்இடி டார்ச், ஒரு அட்டைத் துண்டு போதும். ஒருவர் மாடியில், இன்னொருவர் 200 மீட்டர் தள்ளித் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம். டார்ச்சை எரியவிட்டபடி அட்டையால் மூடித் திறக்க வேண்டும். ஸ்விட்சை அழுத்தி அழுத்தி எரித்தால் நடை ஒரே சீராக வராது. டார்ச்சுக்காரர் பட்டியலிலிருந்து ஒரு குணத்தைத் தேர்ந்து காட்ட, மாடியில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும். தனியாளாக இருந்தால் செல்போன் கோபுரங்களின் உச்சியிலும் காற்றாலைகளின் மேலும் சிமிட்டுகிற சிவப்பு விளக்குகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைக்குப் பஞ்சமில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விளக்கு சிமிட்டும்போது ஒன்றை மட்டும் பிரித்து எண்ணுவதுதான் கஷ்டம். கடலில் படப்போகும் பாடும் அதுதான் என்பதால் அந்தப் பயிற்சியை அதிகமாகச் செய்யுங்கள்.

போன் திரை வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை வாட்ஸ்அப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

மூன்றாம் படி: தெரிய வேண்டுமா, வேண்டாமா என்று கணக்குப் போடுங்கள்

பூமி உருண்டை என்பதால் விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் ஒரு தூரத்துக்கு மேல் கடலுக்குள் மூழ்கிவிடும். கணக்கு இதுதான்: விளக்கின் உயரத்துக்கும் உங்கள் கண்ணின் உயரத்துக்கும் (இரண்டும் மீட்டரில்) தனித்தனியாக வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி, 2.08-ஆல் பெருக்குங்கள். விடை கடல்மைலில் வரும்.

விளக்கு 36 மீட்டர், உங்கள் கண் நீர்மட்டத்துக்கு மேல் 4 மீட்டர். 6-ம் 2-ம் 8, 2.08-ஆல் பெருக்கினால் 16.6 கடல்மைல். அதே விளக்கை 25 மீட்டர் உயரக் கப்பல் பாலத்திலிருந்து (கப்பலை ஓட்டும் மேல் அறை) பார்த்தால் 6-ம் 5-ம் 11, கிட்டத்தட்ட 22.9 கடல்மைல். ஆனால் பட்டியலில் எட்டும் தூரம் 18 என்று போட்டிருந்தால் 22.9 உங்களுக்கு உதவாது. இரண்டில் சின்ன எண்ணையே எடுக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் தூரம் காற்று 10 கடல்மைலுக்குத் தெளிவாக இருக்கிற நாளுக்கான கணக்கு. சுமத்ராக் காட்டுத்தீப் புகை மூடிய மாதங்களில் அதில் பாதிகூட எட்டாது. அப்போது வெள்ளை விளக்கே சிவந்து தெரியும். நிறத்தை நம்பி ஏமாறுவது அந்த நாள்களில்தான்.

ஈஸ்ட் கோஸ்ட் மணலில் நின்றுகொண்டு ஹார்ஸ்பர்க்கைத் தேடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விளக்கு சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வர்க்கமூலம் 5.5. உங்கள் கண் 1.6 மீட்டரில், வர்க்கமூலம் 1.3. மொத்தம் 6.8, பெருக்கினால் 14 கடல்மைல் சொச்சம். தூரமோ 20-க்கு மேல். எவ்வளவு நேரம் நின்றாலும் தெரியாது.

விளக்கு அடிவானத்துக்கு மேலே வருவதற்கு முன்பே அதன் வெளிச்சம் வானத்தில் மங்கலாக வீசுவது தெரியும். அதை வைத்துச் சுற்றுக் காலத்தை எண்ணலாம். தூரத்தை மட்டும் அதை வைத்துச் சொல்லாதீர்கள்.

நான்காம் படி: மிதவைகள்

உலகம் முழுக்க மிதவை விதிகளில் ஏ, பி என்று இரண்டு மண்டலங்கள். சிங்கப்பூரும் இந்தியாவும் ஏ. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது இடது கையில் சிவப்பு மிதவை, டப்பா வடிவம். வலது கையில் பச்சை, கூம்பு வடிவம். அமெரிக்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் நிறம் தலைகீழ்.

இரண்டு பக்கமும் திறந்த நீரிணையில் "உள்ளே வருவது" என்றால் எந்தத் திசை? யோசித்து முடிவெடுக்கக் கூடாது. வரைபடத்தில் ஊதா நிறத்தில் பெரிய அம்புக்குறி போட்டிருப்பார்கள், அந்தத் திசைதான் உள்ளே வருவது. அம்பைப் பார்க்காமல் மனக்கணக்கில் போனால் சிவப்பும் பச்சையும் மாறிப்போகும்.

ஆபத்தின் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று திசை சொல்லும் மிதவைகள்தான் புதியவர்களை மிரட்டும். கறுப்பு, மஞ்சள் பட்டைகள், உச்சியில் இரண்டு கறுப்புக் கூம்புகள். ஒரே சூத்திரம்: கூம்பின் முனை எங்கே காட்டுகிறதோ அங்கே கறுப்பு. வடக்கு: இரண்டு முனையும் மேலே, கறுப்பு மேலே, மஞ்சள் கீழே. தெற்கு: முனைகள் கீழே, கறுப்பும் கீழே. கிழக்கு: அடியோடு அடி ஒட்டி முனைகள் மேலும் கீழும், அதனால் கறுப்பு-மஞ்சள்-கறுப்பு. மேற்கு: முனைகள் ஒன்றையொன்று பார்க்கும், கறுப்பு நடுவில்.

ராத்திரியில் கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே வெள்ளை விளக்கு, குயிக் அல்லது வெரி குயிக். கிழக்கு 3 மணி: மூன்று மின்னல், குயிக் என்றால் 10 விநாடிக்கு ஒருமுறை. தெற்கு 6: ஆறு மின்னலும் ஒரு லாங் ஃபிளாஷும், 15 விநாடி. மேற்கு 9: ஒன்பது மின்னல், 15 விநாடி. வடக்கு 12: நிற்காமல் மின்னிக்கொண்டே இருக்கும். அலையில் ஆடும் மிதவையில் ஆறா ஒன்பதா என்று எண்ணுவதற்குள் ஒன்றிரண்டு மின்னல் தவறிவிடும். அந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் தெற்குக்கு மட்டும் லாங் ஃபிளாஷ் சேர்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை தவறினாலும் நீண்ட மின்னலைப் பார்த்துவிட்டால் தெற்கு என்று உறுதி.

வடக்கு மிதவை என்றால் அதன் வடக்கே போ என்று அர்த்தம். ஆபத்து அதன் தெற்கே இருக்கிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம்.

மற்றவை சுருக்கமாக. கறுப்பில் சிவப்புப் பட்டை, உச்சியில் இரண்டு கறுப்புப் பந்து, வெள்ளையில் இரட்டை மின்னல்: தனிப் பாறை போன்ற ஓர் ஆபத்து, சுற்றிலும் நல்ல தண்ணீர். சிவப்பு-வெள்ளை நெடுங்கோடு, ஒரு சிவப்புப் பந்து: சுற்றிலும் ஆழம். முழு மஞ்சள், பெருக்கல் குறி: கேபிள், குழாய், நங்கூரப் பகுதி மாதிரி ஏதோ ஒரு தனி விஷயம், என்னவென்று வரைபடம் சொல்லும். நீலம்-மஞ்சள் நெடுங்கோடு, நீலமும் மஞ்சளும் மாறி மாறி மின்னினால் புதிதாக மூழ்கிய கப்பல். 2002 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் டிரைகலர் என்ற கார் ஏற்றிய கப்பல் மூழ்கியது. எச்சரிக்கை வைத்த பிறகும் வேறு கப்பல்கள் அதன்மேல் மோதின. அதற்குப் பிறகுதான் இந்த மிதவை வந்தது.

எங்கே தப்பாகும்

மிதவை நட்ட கம்பமல்ல. எடைக்கட்டையோடு சங்கிலியில் கட்டிய பொருள். சங்கிலி ஆழத்தைவிட நீளமாக இருக்கும், அதனால் நீரோட்டம் திரும்பும்போது மிதவையும் ஒரு வட்டத்துக்குள் நகரும். கப்பல் உரசினால் இடமே மாறும். உங்கள் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க மிதவையை ஆதாரமாக எடுக்காதீர்கள். கரையில் நிற்கும் கோபுரத்தையும், நட்ட கம்பத்தையும் எடுங்கள். இரண்டு பொருள்களின் திசையை திசைகாட்டியில் பார்த்துக் கோடு போடும்போது, கோடுகள் 90 பாகைக்கு அருகில் வெட்ட வேண்டும். 30-க்குக் கீழே போனால் சின்னப் பிழையும் பெரிதாக நீளும். சிங்கப்பூரில் திசைகாட்டிக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை என்பது ஒரு வசதி. போன் திசைகாட்டி மட்டும் வேண்டாம். சுற்றிலும் இரும்பு இருக்கும் இடத்தில் அது எதையாவது காட்டும்.

மிதவை விளக்கு பெரும்பாலும் சூரியத் தகடு, பேட்டரி, எல்இடி, இருட்டை உணரும் கண் ஆகியவை சேர்ந்தது. தகட்டின்மேல் பறவை எச்சம் படிந்தால், தொடர்ந்து மேகமாக இருந்தால் பேட்டரி இறங்கும். விடியற்காலையில் மங்கலாகவோ அணைந்தோ இருக்கும். வரைபடத்தில் இருக்கிற விளக்கு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் "இல்லை" என்று முடிவு செய்யாமல் பாலத்தில் இருக்கும் அதிகாரியிடம் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் இன்னொரு தொல்லை, பின்னால் இருக்கிற ஊர். கட்டட விளக்குகள், துறைமுக கிரேன்கள், ஜூரோங் தீவுச் சுத்திகரிப்பு ஆலைகள், ஈஸ்ட் கோஸ்டுக்கு எதிரே நங்கூரமிட்ட கப்பல்களின் நங்கூர விளக்குகள் எல்லாம் ஒரே வரிசையில் எரியும். நங்கூர விளக்கு நிலையாக எரியும், மின்னாது. பச்சை, சிவப்பு மிதவை விளக்கு ஊர் வெளிச்சத்தில் கலந்துபோகும். இரண்டு மூன்று முறை பார்வையை நகர்த்தி, எது மின்னுகிறது என்று தேடுங்கள். விளக்கையே முறைத்துப் பார்ப்பதைவிடச் சற்றே பக்கவாட்டில் பார்த்தால் மங்கல் விளக்கு நன்றாகப் பிடிபடும்.

சில விளக்குகள் ஒரு கோணத்துக்குள் சிவப்பாகவும் மற்றதில் வெள்ளையாகவும் தெரியும். பாறை இருக்கும் பக்கம் சிவப்பு. அந்தக் கோணங்களைப் பட்டியல் கப்பலிலிருந்து விளக்கைப் பார்க்கும் திசையில்தான் தரும். விளக்கில் நின்று கடலைப் பார்ப்பதாக நினைத்தால் 180 பாகை தப்பு.

ரேடார் திரையில் ஒரு பொருளுக்குப் பின்னால் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் எழுத்து நீண்டால் அது ரேகான். ரேடார் அலைக்குப் பதில் அனுப்பும் கருவி. ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் தானாக அறிவிக்கும் முறை) திரையில் தெரியும் சில குறிகளுக்குக் கடலில் மிதவையே கிடையாது, வெறும் மின்னணுக் குறி. கண்ணால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வரைபடத்தில் அவற்றுக்குத் தனிக் குறி போட்டிருக்கும்.

கிளம்பும் முன், போன பின்

கோவைக்காரர்களுக்குப் பக்கத்துக் கடல் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளாதான். பொன்னானி, சேட்டுவா, கொச்சிக்கு அருகே புதுவைப்பு என்று கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன. கரூர், ஈரோட்டுக்காரர்கள் நாகப்பட்டினம் போகலாம். கோபுரத்தில் ஏற அனுமதிக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறுவதைவிட முக்கியம், இருட்டிய பிறகு கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுற்றுக் காலத்தை அளந்து, பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது.

சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் மறைவது மாலை 7 மணியை ஒட்டித்தான். விடுமுறை நாளில் மரினா சவுத் துறையிலிருந்து கூசு, செயின்ட் ஜான்ஸ் தீவுகளுக்குப் போகும் படகில் ஏறினால் பகலில் மிதவைகளின் வடிவத்தையும் உச்சிக் குறியையும் பக்கத்திலேயே பார்க்கலாம். உள்ளூர்ப் பயணம், பாஸ்போர்ட் தேவையில்லை. வரைபடத்தைப் போனில் வைத்துக்கொண்டு, அடுத்து எந்த மிதவை எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். பாத்தம் போகும் படகிலும் நீரிணையைக் குறுக்கே கடக்கலாம், ஆனால் அது இந்தோனேசியா. வேலை அனுமதிச் சீட்டும் விசா விதியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஏறிவிடாதீர்கள். ஹார்ஸ்பர்க், ராஃபிள்ஸ் தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்க முடியாது; வாடகைப் படகுக்காரர் கூட்டிப்போகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள்.